பழைய பருத்திச் சேலைகளில் ஒட்டுத்துணிப் போர்வை: சாயச் சோதனை முதல் ஓரப்பட்டி வரை

கட்டவும் முடியாமல் கழிக்கவும் மனமில்லாமல் அலமாரியில் கிடக்கும் நான்கைந்து பருத்திச் சேலைகளையும் இரண்டு பழைய வேட்டிகளையும் கொண்டு, 45 அங்குல அகலமும் 55 அங்குல நீளமும் உள்ள ஒரு போர்வையை வீட்டு மிஷினில் தைத்து முடிக்கும் முறையை இங்கே வரிசைப்படி எழுதுகிறேன். மிஷினில் நேர்கோடாகத் தைக்கத் தெரிந்தால் போதும், வேறு பயிற்சி தேவையில்லை.

என்னிடம் கற்க வந்தவர்களில், ஜாக்கெட் தைத்துப் பழகியவர்களே முதலில் அதிகம் தடுமாறினார்கள். ஜாக்கெட்டில் உள்ளே விடும் துணி ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் பிறகு பிரித்துச் சரிசெய்துகொள்ளலாம். இங்கே 99 துண்டுகள் ஒன்றையொன்று பார்த்து நிற்பதால், ஒரு துண்டின் பிழை அடுத்த துண்டுக்கும் அடுத்த வரிசைக்கும் ஏறிக்கொண்டே போகும். போர்வை கோணுவதற்கான காரணம் பெரும்பாலும் மிஷினில் உட்காருவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். ஆகையால் ஒரு படியை முடிக்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

பருத்திச் சேலைகள் நான்கு அல்லது ஐந்து, அடித்துணிக்கு ஒரு நான்கு முழ வேட்டி, நடுவில் வைக்க ஒரு பழைய பருத்திப் படுக்கை விரிப்பு அல்லது இன்னொரு வேட்டி ஆகியவை வேண்டும். இலவம் பஞ்சையோ உதிரிப் பஞ்சையோ நடுவில் பரப்ப வேண்டாம். மெத்தைக்கும் தலையணைக்கும் அது சரி, தண்ணீரில் முக்கும் போர்வையில் இரண்டாவது துவைப்பிலேயே உருண்டு மூலைக்குப் போய்விடும்.

துணிக்கென்று மட்டும் ஒரு கத்தரிக்கோல், இன்ச் டேப், இரும்பு அல்லது மரத்தால் ஆன நேர்கோல், சாக் கட்டி, குண்டூசி, 100 ஊக்குகள், 14ஆம் எண் ஊசியும் 16ஆம் எண் ஊசியும், கைத்தையலுக்குச் சிறிய ஊசி, பருத்தி நூல், இஸ்திரிப் பெட்டி இவ்வளவே கருவிகள். ஊக்கு 100 எதற்கு என்பது பத்தாவது பகுதியில் தெரியும். அதில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள்.

துணிக் கத்தரியால் காகிதம் வெட்டுவதை வீட்டில் எல்லோருக்கும் தடை செய்துவிடுங்கள். காகிதம் வெட்டி முனை மழுங்கிய கத்தரி, மெல்லிய பழைய பருத்தியை வெட்டாமல் இரண்டு அலகுக்கும் நடுவே மடித்துக் கடிக்கும்.

2. எந்தச் சேலை, சேலையில் எந்தப் பகுதி

முதலில் அது பருத்திதானா என்று பாருங்கள். ஓரத்தில் இருந்து சில இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் வைத்துக் கொளுத்தினால், பருத்தி காகிதம் போல எரிந்து தொட்டதும் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கடினமான கறுப்பு மணியாகத் திரளும். கலப்புத் துணியைத் தள்ளி வைக்கவும். அது இஸ்திரியின் மடிப்பை ஏற்காமல் நழுவிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் உள்ள பருத்தி சுருங்கும்போது தான் மட்டும் சுருங்காது.

கோவைக் கோரா காட்டன் பெயரில் காட்டன் இருந்தாலும் பட்டும் கலந்தது என்பதால், முதல் போர்வைக்கு அதையும் தவிர்க்கலாம். மதுரைச் சுங்குடி, செட்டிநாட்டுக் கண்டாங்கி, சாதாரணக் கைத்தறிப் பருத்தி எல்லாமே உதவும். ஆனால் கண்டாங்கியின் கட்டம் வெட்டுக்கோட்டைச் சிறிதும் மன்னிக்காது. துண்டு ஓர் இழை சாய்ந்தாலும் கண்ணில் பட்டுவிடும். அதே கட்டத்தின் கோடு வெட்டுவதற்கு வழிகாட்டியாகவும் இருக்கும் என்பதால், பொறுமையாக வெட்டுபவருக்கு அது நல்ல துணி.

அடுத்து வலிமை. சேலையைக் காலை வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துப் பாருங்கள். நைந்த இடத்தில் வெளிச்சம் சல்லடையில் வருவதுபோல் வரும். தோளில் ஊக்கு குத்திய இடம், கொசுவத்தின் அடிப்பகுதி, உட்கார்ந்து எழும் இடம் ஆகிய மூன்றும் பொதுவாக முதலில் நையும். இடுப்பில் முதலில் செருகும் உள்முனையே வெயிலும் தேய்மானமும் குறைவாகப் பட்ட பகுதி என்பதால், நிறமும் வலிமையும் அங்கேதான் மிஞ்சியிருக்கும். பலர் முந்தானை அழகாக இருக்கிறது என்று அங்கிருந்து தொடங்குகிறார்கள். உள்முனையில் இருந்து தொடங்குவதே சரி.

இரண்டு கட்டைவிரலையும் நெருக்கி வைத்துத் துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். மெல்லிய பிளவுச் சத்தம் கேட்டாலோ இழைகள் விலகி அப்படியே நின்றாலோ, அந்தப் பகுதி தையலைத் தாங்காது. அம்மாவின் சேலை, பாட்டியின் சேலை என்பதற்காக நைந்த துணியைச் சேர்க்க விரும்புகிறவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. அப்படிப்பட்ட துணியை ஒரு மெல்லிய வெள்ளைத் துணியின் மேல் வைத்து இரண்டையும் ஒன்றாகப் பாவித்து வெட்டினால் பலம் வரும். அதில் நான்கைந்து துண்டுகளுக்கு மேல் வைக்க வேண்டாம், மற்ற துண்டுகளைவிடத் தடிப்பாகிவிடும்.

3. சாயச் சோதனை, பிறகு துவைத்தல்

இந்தப் படியைத் தாண்டியதால் என் இரண்டாவது போர்வை கெட்டது. பத்து வருடம் உடுத்திய அரக்கு நிறச் சேலை இனியா சாயம் விடப் போகிறது என்று நம்பிச் சோதிக்காமல் சேர்த்தேன். தைத்து முடித்து நனைத்த முதல் நாளே பக்கத்தில் இருந்த சந்தன நிறக் கட்டங்கள் எல்லாம் ரோஜா நிறமாயின. இரண்டு மாத வேலை அது.

வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை ஈரமாக்கி, சேலையின் ஒரே இடத்தில் இருபது முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறை பட்டால் அந்தச் சேலையைத் தனியே வைக்கவும். படாவிட்டாலும் அத்துடன் விடாமல், ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடித் தம்ளரில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, தம்ளரை வெள்ளைக் காகிதத்தின் முன் பிடித்துத் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். எவர்சில்வர் தம்ளரில் லேசான நிறம் தெரியாது.

உப்பும் வினிகரும் போட்டு ஊற வைத்தால் சாயம் நின்றுவிடும் என்று சொல்லாத வீடு இல்லை. சாயம் ஏற்றும்போது உப்புக்கு வேலை உண்டு. ஏற்றி முடித்துப் பிடிக்காமல் நிற்கும் சாயத்தை உப்போ வினிகரோ பருத்தியில் பிடித்து வைப்பதில்லை. செய்யக்கூடியது ஒன்றுதான்: பிடிக்காத சாயம் முழுவதும் வெளியேறும் வரை வெதுவெதுப்பான தண்ணீரில் மீண்டும் மீண்டும் அலசுவது. ஐந்தாறு அலசலுக்குப் பின்னும் தண்ணீர் தெளியாவிட்டால், அந்தச் சேலையைப் போர்வைக்கு விட்டுவிட்டு, ஒரே நிறத் துணி மட்டும் வரும் பைக்கோ தலையணை உறைக்கோ வைத்துக்கொள்ளலாம்.

சோதனையில் தேறியவற்றை எல்லாம், அடித்துணியும் நடுத்துணியும் உட்பட, ஒரே சூட்டுத் தண்ணீரில் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். பழைய சேலை ஏற்கெனவே சுருங்கியிருக்கும். நிறம் போதவில்லை என்று கடையில் வாங்கிச் சேர்க்கும் புது ஜாக்கெட் துணி இன்னும் சுருங்கவில்லை. துவைக்காமல் அதைச் சேர்த்தால், போர்வையின் முதல் துவைப்பில் அது மட்டும் சுருங்கிச் சுற்றியுள்ள கட்டங்களை இழுத்துப் பிடிக்கும்.

4. கஞ்சி போட்டு இஸ்திரி போடுதல்

துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி, கத்தரியின் கீழும் ஊசியின் கீழும் நெளியும். அதற்குச் சோற்றுக் கஞ்சியைவிடச் சிறந்த மருந்து இல்லை. கஞ்சியை நன்றாக வடிகட்டி, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, துணியை முக்கிப் பிழிந்து உதறி உலர்த்தவும். வடிகட்டாத பருக்கை இஸ்திரியில் கருகிக் கறையாகும்.

முக்கால் பங்கு உலர்ந்ததும் எடுத்து இஸ்திரி போடுங்கள். முழுதும் காய்ந்த கஞ்சித் துணியில் சுருக்கம் நீங்காது. பெட்டியை இங்கும் அங்கும் இழுக்காமல், வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இழுத்தால் குறுக்கே ஓடும் ஊடை நூல் வளைந்துவிடும், வளைந்த துணியில் வெட்டிய சதுரம் பிறகு சாய்சதுரமாகும்.

கஞ்சித் துணியை மாதக்கணக்கில் மடித்து வைக்காதீர்கள், கரப்பானும் பூச்சியும் தேடி வரும். இரண்டு வாரத்தில் வெட்டித் தைக்க முடியும் அளவுக்கு மட்டும் கஞ்சி போடுங்கள்.

5. அளவுக் கணக்கு

முடிந்த கட்டம் 5 அங்குலம். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போவதால் 5½ அங்குலச் சதுரமாக வெட்ட வேண்டும். குறுக்கே 9, நெடுக்கே 11, மொத்தம் 99 கட்டம். அடர் நிறமும் வெளிர் நிறமும் மாறி மாறி வருமாறு வைத்தால் அடர் நிறம் 50, வெளிர் நிறம் 49. 9, 11 இரண்டும் ஒற்றைப்படை எண்கள் என்பதால் நான்கு மூலையிலும் அடர் நிறமே நிற்கும், மூலை அழுக்காகும் போர்வைக்கு அது நல்லது.

சேலையின் கரைகளைக் கழித்தால் ஒரு குறுக்குப் பட்டையில் ஏறக்குறைய 7 சதுரம் கிடைக்கும். 15 பட்டைகளில் வேலை முடிந்துவிடும். 110 சதுரம் வெட்டி வைத்தால், பழுதானதை மாற்றவும் நிறம் பார்க்கவும் வசதி.

அடித்துணி மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம் பெரிதாக, அதாவது 49க்கு 59 அங்குலமாக இருக்க வேண்டும். நான்கு முழ வேட்டியின் அகலம் 50 அங்குலத்தை ஒட்டி இருப்பதால் ஒட்டுப்போடாமல் பொருந்தும். ஆனால் துவைத்துச் சுருங்கிய பிறகு அளந்து பார்த்துவிட்டே நம்புங்கள். ஜரிகைக் கரை இருந்தால் வெட்டி நீக்கிவிட்டுக் குறையும் அகலத்துக்குத் துணி சேர்க்கவும், அடியில் உறுத்தும்.

6. வெட்டுதல்

சேலையை வெட்டும் முன், ஓரத்தில் ஒரு சிறு வெட்டுக் கொடுத்துக் கையால் குறுக்கே கிழியுங்கள். நெருக்கமாக நெய்த சாதாரணப் பருத்தி ஊடை நூலின் வழியே நேராகக் கிழியும். அந்தக் கிழிசலே உங்கள் முதல் நேர்கோடு. கரையை வைத்து நேர்கோடு எடுக்கப் பார்த்தால், இழுபட்ட பழைய சேலையில் அது பொய்க் கோடாகிவிடும்.

நெடுக்கே ஓடும் பாவு நூலும் ஊடை நூலும் சதுரத்தின் பக்கங்களுக்கு இணையாக ஓட வேண்டும். மூலைவிட்டமாக இழுத்தால் எந்த நெசவுத் துணியும் நீளும், பாவின் போக்கில் நீளாது. சாய்வாக வெட்டிய சதுரம் கையில் எடுக்கும்போதே உருமாறிவிடும்.

அளவுச் சட்டத்துக்குப் பழைய எக்ஸ்ரே தாளோ தடித்த பிளாஸ்டிக் கோப்பு உறையோ நல்லது. அட்டையில் செய்தால் இருபது சதுரம் வரைவதற்குள் மூலை உருண்டு, இருபத்தோராவது சதுரம் முதலாவதைவிடச் சிறியதாகும். கட்டக் காகிதத்தில் 5½ அங்குலத்தை வரைந்து, அதை ஒட்டி வெட்டி, நான்கு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். மூலைவிட்டங்கள் சமமாக இல்லாவிட்டால் அது சதுரம் இல்லை.

சாக் கட்டியின் முனையைக் கத்தியால் சீவிக் கூராக்கிக்கொண்டு வரையவும். மழுங்கிய சாக்கின் கோடே அரைக்கால் அங்குலம் தடிக்கும். கோட்டின் உள்விளிம்பில் வெட்டுவதா வெளிவிளிம்பிலா என்று முதலிலேயே முடிவு செய்து 110 துண்டுக்கும் அப்படியே வெட்டுங்கள். நான் உள்விளிம்பில் வெட்டுகிறேன், கோடு துணியில் தங்காது. ஒரே நேரத்தில் இரண்டு மடிப்புக்கு மேல் வெட்டக் கூடாது, அடி மடிப்பு நகர்ந்துவிடும்.

7. தரையில் பரப்பிப் பார்த்தல்

தைக்கும் முன் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, செல்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குப் பச்சையும் சிவப்பும் வேறாகத் தெரிந்தாலும், படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அவை அருகருகே நிற்கும்போது ஒன்றாகக் குழம்பும். கலைத்து மாற்றிய பிறகு, ஒவ்வொரு வரிசையையும் இடமிருந்து வலமாக அடுக்கி, மேலே வரிசை எண் எழுதிய காகிதத்தைக் குண்டூசியால் குத்தி வையுங்கள். மின்விசிறியைப் போட்டு எல்லாத் துண்டும் பறந்து போன வீடுகள் உண்டு.

8. மிஷினில் கால் அங்குலத்தைப் பிடித்தல்

இந்தப் பகுதிக்கு ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். கால் அங்குலத்துக்குப் பதிலாக அதைவிட அரைக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாக மடித்துத் தைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தையல் இரண்டு துண்டிலும் அதை விழுங்குவதால் எட்டில் ஒரு பங்கு அங்குலம் போகும். ஒரு வரிசையில் 8 தையல் இருப்பதால் வரிசை ஒரு முழு அங்குலம் குறையும். அடுத்த வரிசையை நீங்கள் சரியாகத் தைத்தால் இரண்டும் பொருந்தவே பொருந்தாது.

ஊசியை இறக்கி, ஊசியின் முனையில் இருந்து வலப்புறம் கால் அங்குலம் அளந்து, தகட்டின் மேல் ஒரு துண்டு தடித்த ஒட்டு நாடாவை ஒட்டுங்கள். துணியின் ஓரம் நாடாவை உரசிக்கொண்டே போகட்டும். பார்வை ஊசியில் இல்லாமல் நாடாவில் இருக்க வேண்டும். ஊசியைப் பார்த்துத் தைப்பவர்களின் கோடு கட்டாயம் வளைகிறது.

பிறகு சோதனை. 1½ அங்குல அகலமுள்ள மூன்று பட்டைகளை வெட்டி, பக்கம் பக்கமாகத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளக்கவும். சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் நாடாவை ஊசியை நோக்கி மிகச் சிறிது நகர்த்துங்கள், கூடினால் எதிர்ப்புறம். மடிப்பில் துணி ஓர் இழை அளவு போவதால், கணக்குக்குக் கால் அங்குலம் என்றாலும் தையல் அதைவிட ஓர் இழை குறைவாக, துணியின் ஓரத்தை நெருங்கி விழுவதே சரியாக வரும்.

ஊசி 14ஆம் எண். அங்குலத்துக்கு ஏறக்குறைய 10 தையல் விழ வேண்டும். அதைவிட நெருக்கமாக வைத்தால் பிரிக்க நேரும்போது பழைய துணி கிழியும்.

9. கட்டங்களை இணைத்தல்

வரிசைகளாகத் தைத்து, வரிசைகளை ஒன்றோடொன்று இணைப்பதே எளிது. வரிசையின் முதல் இரண்டு துண்டுகளை நல்ல பக்கம் உள்ளே வருமாறு வைத்துத் தைக்கவும். நூலை வெட்டாமல் அடுத்த வரிசையின் முதல் இரண்டையும் தொடர்ந்து செலுத்தலாம், தோரணம் போல 11 ஜோடிகள் ஒரே நூலில் தொங்கும். நூலும் நேரமும் மிச்சமாகும், வரிசை எண்ணும் மாறாது.

ஒவ்வொரு தையலையும் இஸ்திரி போடும்போது, தையல் ஓரம் இரண்டையும் அடர் நிறத்தின் பக்கம் மடக்குங்கள். இந்த ஒரே விதி இரண்டு வேலை செய்கிறது. வெளிர் துணியின் கீழ் அடர் துணியின் நிழல் தெரியாது. அதோடு, அடுத்தடுத்த வரிசைகளில் நிறம் மாறி வருவதால் மடிப்புகளும் எதிரெதிர்ப் பக்கம் படுக்கும். வரிசைகளை இணைக்கும்போது ஒரு மடிப்பு மற்றதன் தோளில் சாய்ந்து பூட்டிக்கொள்ளும். விரல் நுனியால் தடவினால் மேடு இல்லாமல் பொருந்திய இடம் தெரியும். அங்கே ஒரு குண்டூசியைக் குத்துங்கள். ஊசி வரும்போது குண்டூசியை எடுத்துவிட வேண்டும். அதன் மேல் ஓட்டினால் ஊசி உடையும், துணியை நகர்த்தும் மிஷின் பற்களும் கெடும்.

ஒவ்வொரு வரிசையும் முடிந்ததும் அளந்து பார்க்கவும். இரு முனையிலும் கால் அங்குலம் மிச்சம் இருப்பதால் 45½ அங்குலம் வர வேண்டும். கால் அங்குலம் வரை வேறுபாடு இருந்தால் இணைக்கும்போது இழுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் பிரித்துத் தைப்பதைத் தவிர வழியில்லை, அந்த வரிசையிலேயே பிரிப்பது முழுப் போர்வையில் பிரிப்பதைவிட எளிது.

10. மூன்று அடுக்கையும் படிய வைத்தல்

தரையைத் துடைத்து உலர விட்டு, அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்குமாறு விரித்து, நான்கு பக்கமும் ஒட்டு நாடாவால் தரையோடு ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் இருக்க வேண்டும், ஆனால் முரசுத் தோல் போல இழுக்கக் கூடாது. இழுத்து ஒட்டிய துணி நாடாவை எடுத்ததும் சுருங்கி மேல்துணியைக் கூட்டிவிடும். அதன் மேல் நடுத்துணி, அதன் மேல் மேல்துணி நல்ல பக்கம் மேலாக. ஒவ்வொன்றையும் நடுவில் இருந்து வெளிப்புறமாக உள்ளங்கையால் தடவி விடவும்.

இப்போது ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஓர் ஊக்கு, நடுக்கட்டத்தில் தொடங்கி ஓரத்தை நோக்கி, மூன்று துணியையும் பிடித்துக் குத்துங்கள். 99 ஊக்கு. அடுக்கு இதனால் 5 அங்குலத்துக்கு ஒரு முறை பூட்டப்படுகிறது. இதைச் சோம்பி நாற்பது ஊக்கோடு நிறுத்திய போர்வைகளில், அடித்துணி மடிந்து அதன் மேலேயே தையல் ஓடியிருப்பதைப் பின்பக்கம் திருப்பிய பிறகே பார்த்து வருந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கைத்தையல் போடுவதாக இருந்தால் ஊக்கோடு, வேறு நிற நூலில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக நீளமான ஓடுதையலும் போட்டுவிடுவது நல்லது. முடிந்ததும் உருவிவிடலாம்.

11. அடுக்குத் தையல்: புள்ளியைச் சுற்றும் கோடு

ஊக்குகள் குத்திய போர்வையை எழுந்து நின்று பார்த்தால், 9க்கு 11 என்று வைத்த நேர்ப்புள்ளி கண்ணில் தெரியும். வாசலில் சிக்குக் கோலம் போடும் கை அதைப் பார்த்ததும் அடுத்து என்ன என்று அறியும். கோலத்தில் இழை புள்ளியைத் தொடாமல், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகக் கடந்து, ஓரத்தில் வளைந்து திரும்பும். இங்கேயும் அதே வழியில் தையல் ஓடட்டும்.

ஒவ்வொரு கட்டத்தின் பக்கங்களின் நடுப்புள்ளியில் இருந்து அடுத்த பக்கத்தின் நடுப்புள்ளிக்குச் சாய்கோடு வரையுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு சாய்ந்த சதுரம் விழும், கோடுகளுக்கு இடையே ஏறக்குறைய 3½ அங்குலம் இருக்கும். இதில் மூன்று நன்மைகள் இருப்பதாலேயே புதியவர்களுக்கு நான் வேறு வடிவத்தைச் சொல்வதில்லை. ஊக்குகள் கட்டத்தின் நடுவில் இருப்பதால், தைக்கும்போது ஒன்றைக்கூட எடுக்க வேண்டியதில்லை. நான்கு துண்டுகள் சந்தித்துத் தடித்து நிற்கும் மூலைகளைக் கோடு தொடவே தொடாது, ஊசி திணறுவதில்லை. கட்டத் தையல் சற்று விலகியிருந்தாலும் சாய்கோடு அதைக் கண்ணில் இருந்து மறைத்துவிடும்.

மிஷினில் போடுபவர்கள் ஓரத்தில் திரும்ப முயல வேண்டாம். முழுப் போர்வையையும் சுருட்டி மிஷினின் கைக்குள் திருப்புவது கடினம். ஒரு சாய்வில் 20 கோடு, மறு சாய்வில் 20 கோடு என ஓரத்தைத் தாண்டி ஓட விடுங்கள். நடுவில் உள்ள நீளக் கோட்டை முதலில் போட்டு, பிறகு அதன் இடமும் வலமும் மாறி மாறிப் போடவும். ஓரத்தில் தொடங்கினால் மிஷின் துணியைத் தள்ளிக்கொண்டு போய்த் தொய்வு முழுவதையும் மறு மூலையில் குவிக்கும். ஊசியை 16ஆம் எண்ணுக்கு மாற்றி, அங்குலத்துக்கு 8 தையல் வைத்து, துணியை அழுத்தும் மிஷின் காலின் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். போர்வையின் எடை மேசையில் இருந்து கீழே தொங்கினால் ஊசி வளையும். இடப்பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டுத் தாங்க வையுங்கள்.

கையால் தைப்பவர்கள் கோலத்தையே முழுதாகப் போடலாம். குறுக்கும் நெடுக்கும் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கு 1ஐத் தவிர வேறு பொது வகுத்தி இல்லாவிட்டால், இந்தக் கோலம் ஒரே இழையில் தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். 9க்கும் 11க்கும் அப்படி எதுவும் இல்லை. 9க்கு 12 என்று வைத்திருந்தால் மீப்பெரு பொது வகுத்தி 3 என்பதால் மூன்று தனி இழைகளாகப் பிரிந்திருக்கும். நான் 11 வரிசையில் நிறுத்தியதற்கு அதுதான் காரணம். ஓரம் வரும்போது அரை அங்குலம் முன்பாகவே வளைத்துத் திருப்பிவிடுங்கள், அந்த இடம் ஓரப்பட்டிக்கு வேண்டும்.

மொத்தத் தையல் ஏறக்குறைய 36 மீட்டர். ஒரு முழ நூலுக்கு மேல் ஊசியில் கோக்காதீர்கள், நீள நூல் துணிக்குள் ஓடி ஓடி நைந்து முறுக்கேறும். முடிச்சை மேலே விடாமல், ஒரு சுண்டு சுண்டி நடுத்துணிக்குள் இழுத்துவிடவும். தையல் சிறியதாக இருப்பதைவிடச் சமமாக இருப்பதே முக்கியம். நான் மார்கழியில் கச்சேரி கேட்டுக்கொண்டே தைப்பது வழக்கம். கோட்டின் திசை ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டிருப்பதால் காது பாட்டில் இருந்தாலும் கை தவறுவதில்லை. தினம் ஒரு மணி நேரம் என்றால் எனக்கு ஐந்து வாரம் ஆகிறது.

12. ஓரப்பட்டி

தையற்காரர்கள் பைண்டிங் என்று சொல்லும் இதற்கு முன், அடித்துணியையும் நடுத்துணியையும் மேல்துணியின் ஓரத்தோடு ஒட்ட வெட்டிச் சமப்படுத்துங்கள். அடுக்குத் தையல் முடிவதற்கு முன் வெட்டிவிடக் கூடாது, தைக்கும்போது துணி நகர்ந்து ஏதோ ஓர் ஓரத்தில் குறைந்து போகும்.

போர்வையின் சுற்றளவு 200 அங்குலம், மூலைக்கும் இணைப்புக்கும் சேர்த்து 212 வேண்டும். 5½ மீட்டர்ச் சேலை 216 அங்குலம் என்பதால், நீளவாக்கில் 2½ அங்குல அகலத்தில் ஒரு பட்டை எடுத்தால் இடையில் ஒட்டே இல்லாமல் சுற்றி வரும். சேலை சுருங்கியிருந்தால் ஓர் ஒட்டு விழும், அவ்வளவே. நேரான ஓரங்களுக்குச் சாய்வுப் பட்டை தேவையில்லை, அது வளைவுகளுக்கு உரியது.

பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, மடிக்காத ஓரத்தைப் போர்வையின் ஓரத்தோடு சேர்த்து, மேல்பக்கத்தில் கால் அங்குலத்தில் தைக்கவும். முதல் 8 அங்குலத்தைத் தைக்காமல் விட்டு, பக்கத்தின் நடுவில் தொடங்க வேண்டும். மூலைக்குக் கால் அங்குலம் முன்பே தையலை நிறுத்தி நூலை வெட்டுங்கள். பட்டையை நேர் மேலே மடித்து, பிறகு அடுத்த ஓரத்தோடு சேருமாறு கீழே மடித்து, மடிப்பின் விளிம்பில் இருந்து மீண்டும் தொடங்குங்கள். மூலை வரை தைத்துவிட்டு மடிப்பதே இங்கு எல்லோரும் செய்யும் தவறு, அப்படித் தைத்த மூலை திரும்பாமல் உருண்டையாக நிற்கும்.

சுற்றி வந்ததும் ஒரு முனையை உள்ளே மடித்து மற்ற முனையை அதற்குள் செருகித் தைக்கவும். பிறகு பட்டையைப் பின்பக்கம் திருப்பி, முன்பக்கத் தையல் மறையும் இடத்தில் கையால் ஹெம்மிங் போடுங்கள். அடித்துணியை மட்டும் ஊசி எடுக்க வேண்டும், மேல்பக்கம் நூல் தெரியக் கூடாது.

13. முதல் துவைப்பு

கஞ்சியும் சாக் கோடுகளும் போக, குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சோப்பைக் கரைத்துத் தனியாக அலசவும். அடித்துத் துவைக்கவோ முறுக்கிப் பிழியவோ வேண்டாம், புதுத் தையல் இழுபடும். மடித்து அழுத்தித் தண்ணீரை வெளியேற்றி, மொட்டை மாடியில் ஒரே கொடியில் தொங்க விடாமல், இரண்டு கொடிகளின் மேல் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். ஈரப் போர்வையின் எடை ஒரே கோட்டில் விழுந்தால் அந்தக் கோட்டில் துணி நீளும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைச் செய்யாதீர்கள். மூன்று அடுக்கின் நடுத்துணி வெளியே உலர்ந்ததுபோல் தெரிந்த பிறகும் ஈரமாகவே இருந்து பூஞ்சை பிடிக்கும். நான் இரண்டு முழு நாள் வெயில் கிடைக்கும் வரை கஞ்சியோடு காத்திருந்திருக்கிறேன். உலர்ந்ததும் பிளாஸ்டிக் உறையில் போடாமல், மிஞ்சிய வேட்டித் துணியில் ஒரு வசம்புத் துண்டோடு சுற்றி வையுங்கள். மிஞ்சிய பதினொரு சதுரங்களையும் அதனுடனேயே வைத்துவிடுங்கள். எந்தக் கட்டம் முதலில் கிழிகிறதோ அதற்கு அதே சேலையின் துண்டு கையில் இருக்கும்.